சாயும் டயரைப் பிடிக்காதீர்கள்

தோட்டப் பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், டிராக்டரின் பின் டயரைக் கழற்றுவது பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார். அவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: டயர் சாய்ந்தால் பிடிக்கப் போகாதீர்கள், விலகிவிடுங்கள்.

செம்பனைக் குலை இழுக்கும் டிராக்டர் ஈர மண்ணில் வழுக்காமல் இருக்க, பின் டயருக்குள் தண்ணீர் நிரப்புவது உண்டு. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. டயரும் ரிம்மும் தனிக் கனம். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாது. கார் டயர் போல நினைத்துக் கை கொடுத்தவர்களுக்குக் காலோ இடுப்போ போய்விடும். ஆகவே, வால்வு கீழே வரும்படி வண்டியை நிறுத்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். அப்படியும் அடியில் கொஞ்சம் தங்கும். கனம் முழுதும் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். இடம் கெட்டியான சமதரையாக இருக்கட்டும். டிரெய்லரைக் கழற்றி, பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பலர் மறப்பது முன் அச்சை. அது நடுவில் ஆடும்படி அமைந்திருப்பதால், பின்பக்கத்தைத் தூக்கும்போது வண்டி ஒருபக்கம் சாயலாம். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருபுறமும் ஆப்பு வையுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். ஜேக்கியால் தூக்கியதும் வண்டியை இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் நொறுங்கிவிடும். டயர் தரையை விட்டு ஒரு விரல் அளவு எழும்பினால் போதும். டயரைப் பட்டை கட்டிச் செயின் புளோக்கில் பிடித்த பிறகே மேல் நட்டு இரண்டையும் கழற்றுங்கள். கழற்றிய டயரைச் சுவரில் சாய்க்காமல், அப்படியே படுக்க வைத்துவிடுங்கள்.

“செயின் புளோக் இல்லை, ரெண்டு பேர் பிடிச்சுக்குங்க” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குச் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளியிடம் சொல்லியும் அவர் நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

தம்பி, முதலில் போர்மனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விழுந்த டயரைத் திரும்பத் தூக்கிக்கொள்ளலாம்.