அறவுரைக்கு விலை உண்டோ?

புத்தர் அருளிய அறத்தைக் கற்பித்தற்குப் பொருள் பெறுதல் தகுமோ தகாதோ என்னும் வழக்கு, அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழும் பௌத்தரிடையே நெடுநாளாக நிகழ்ந்து வருகின்றது. பர்மா, சயாம் முதலிய நாடுகளில் துறவிகள் பாத்திரம் ஏந்தித் தெருவிற் செல்லுதலும், இல்லறத்தார் உணவிடுதலும் வழிவழி வந்த ஒழுக்கம். மேல்நாடுகளிலோ கற்பிப்போருட் பலர் மனைவி மக்களோடு வாழ்பவர். பிச்சையிடும் வழக்கமும் ஆங்கு வேரூன்றவில்லை. ஆதலின் தியானப் பயிற்சிக்கு இத்தனை டாலர் என வரையறுத்து வாங்குவாரும், கைப்பேசி வழியே மாதச் சந்தாவிற்குப் பயிற்சி விற்பாரும் பெருகினர். அது குற்றமன்றென ஒரு சாரார் வாதிப்பர். அவர் கூற்றுக்கள் ஆராயத்தக்கன.

முதற்கண் நோக்கற்பாலது புத்தர் தாமே நடந்து காட்டிய நெறியாம். மகத நாட்டில் ஏகநாளம் என்னும் ஊரில், உழவுத்தொழிலுடைய காசிபாரத்துவாசன் என்னும் அந்தணன், உணவு வேண்டி நின்ற புத்தரை நோக்கி, உழுது விதைத்து உண்ணுமாறு கூறினான். தாமும் ஒருவகை உழவரே என்று அவர் செய்யுளால் விடையிறுத்தார். அது கேட்டு மகிழ்ந்தவன் பெரியதொரு கலத்திற் பாற்சோறு பெய்து நீட்டினான். செய்யுள் ஓதிப் பெற்ற உணவு தமக்காகாதென்று புத்தர் அதனை மறுத்தனர் எனச் சுத்தநிபாதம் கூறும். உணவு வேண்டி நின்றவரே அவ்வுணவைத் துறந்தது என்னை? உரைக்குமுன் இட்டிருப்பின் அது பிச்சையாகும். உரைத்தபின் உரைக்கென்றே வந்தமையின் கூலியாயிற்று. கொடையின் தன்மை மாறவே கொள்ளுதற்குரியது தள்ளுதற்குரியதாயிற்று. இவ்வேறுபாடே இவ்வழக்கிற்கு உயிராவது.

இனி, கற்பிப்போனும் உண்ணவேண்டும், கட்டடத்திற்கும் விளக்கிற்கும் பொருள் வேண்டும் என்பது எதிர்தரப்பார் முதற் கூற்று. இஃது உண்மையே, ஆயினும் அவர் கருதிய முடிபை இது தாராது. சாவத்தி நகரத்துச் செல்வனாகிய அநாதபிண்டிகன், சேதன் என்னும் இளவரசனது சோலையைப் புத்தர் உறைதற்பொருட்டு வாங்கக் கருதி, நிலத்தின்மேற் பொற்காசு பரப்பினான் என்பது விநயநூல் கூறும் வரலாறு. அக்காட்சி பார்ஹுத் சிற்பத்தில் இன்றும் காணப்படும். அப்பொன் சோலைக்கு விலையாயிற்று. சோலையில் நிகழ்ந்த உரைக்கு விலையாயிற்றில்லை. நிலத்தின்மேற் பொன் பரப்பலாம், நாவின்மேற் பரப்பலாகாது என்பதே இதனாற் பெறப்படும். ஆதலின் உணவிற்கும் உறையுளுக்கும் ஆகும் செலவை வெளிப்படக் கூறி வாங்குவாரை இழித்துரைத்தல் முறையன்று. மாசச்சூசெட்சு மாகாணத்துப் பாரி என்னும் ஊரில் 1975ஆம் ஆண்டில் தோன்றிய தியானக் கழகம், நெடுங்காலம் அச்செலவிற்கே கட்டணம் பெற்று, ஆசிரியர்க்குரியதைக் கேட்போர் விருப்பத்திற்கு விட்டுவந்தது.

தேவை உண்டென்பதே எதற்கும் போதிய காரணமாம் எனின், அவ்வாதம் புதியதன்று. புத்தர் மறைந்து நூறாண்டளவில், வைசாலி நகரத்துத் துறவிகள் நோன்பு நாளில் வெண்கலக் கலமொன்றில் நீர் நிரப்பி அவையின் நடுவே வைத்து, சங்கத்திற்குத் தேவை உண்டு, காசு இடுமின் என்று இல்லறத்தாரைக் கேட்டனர். அங்கு வந்த யசர் என்னும் துறவி, இடற்க என்று தடுத்தார். திரண்ட காசில் அவருக்கும் ஒரு பங்கு நீட்டினர், அவர் தொட்டாரில்லை. அது காரணமாக அவரைத் தண்டித்தனர். பின்னர் எழுநூற்றுவர் கூடிய பேரவை, பொன்னும் வெள்ளியும் ஏற்றல் நெறியன்றெனத் தீர்ப்புக் கூறிற்று. ஆங்கு ஆராயப்பட்டது காசு ஏற்றலேயன்றி உரையை விற்றல் அன்று. ஆயினும் தேவையைக் காட்டி நெறியைத் தளர்த்தும் வாதம் அன்றே எழுந்து அன்றே வீழ்ந்தது.

அற்றேல், அவ்விதி துறவிகட்கே உரியது, இல்லறத்து ஆசிரியரைப் பிணியாது எனின், இல்லறத்தாரிடமிருந்தே விடை கிடைக்கும். 1948ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற பர்மிய அரசின் தலைமைக் கணக்கதிகாரியாயிருந்த ஊ பா கின் இல்லறத்தார். அரசூழியத்தால் உணவு ஈட்டியே, 1952இல் இரங்கூனில் நிறுவிய தியான நிலையத்திற் கற்பித்தார். அவர்தம் மாணாக்கர் கோயங்கா, மாந்தலையிற் பிறந்த வணிகர். 1969இல் இந்தியாவிற் கற்பிக்கத் தொடங்கி, 2013இல் மறைந்தார். அவர் வகுத்த பத்துநாட் பயிற்சியில் உரைக்கும் கட்டணமில்லை, உணவிற்கும் உறையுளுக்கும் கட்டணமில்லை, ஆசிரியர்க்கு ஊதியமும் இல்லை. ஒருமுறை பயின்று முடித்தாரிடமன்றிப் பிறரிடம் கொடையும் கொள்ளப்படுவதில்லை. முன்னே பயின்றார் பின்னே வருவார்க்கு ஈவர். இகத்புரியிலும் பல நாடுகளிலும் இம்முறை நடைபெறுகின்றது. இயலாதென்று கூறப்படுவது இயன்றதாதல் கண்கூடு.

விலையின்றிக் கிடைப்பதை மாந்தர் மதியார் என்பது இரண்டாங் கூற்று. மதிப்பு வருவது காசினாலன்று, முயற்சியினால் என்க. மேற்கூறிய பயிற்சியில் வைகறை நான்கு மணிக்கு எழுந்து, நாள்முழுதும் வாய்பேசாதிருந்து, தன் உள்ளத்தோடு போராடுவான் கொடுப்பது சிறிதோ? பணம் கொடுத்தான் இதைக் கொடாதும் போகலாம். இதைக் கொடுத்தான் பணத்தினும் மிக்கது கொடுத்தான்.

திபெத்து நாட்டு மார்பா பொன் கொடுத்தே இந்தியாவில் நாரோபரிடம் உபதேசம் பெற்றார் என்பது மூன்றாங் கூற்று. அவ்வரலாறு கூறும் நூலே, நாரோபர் அப்பொன்னைக் காட்டில் வீசியெறிந்தார் என்றும் கூறும். வீசியெறியப்படுவது விலையாகுமோ? அது மாணாக்கனது பற்றை அளந்த கோல். மார்பாவிடம் வந்த மிலரேபாவோ கொடுக்கப் பொன்னில்லாதவர். கோபுரம் கட்டியும் இடித்தும் அவர் படாத பாடுபட்டார். எனினும் முடிவில் உபதேசம் பெற்றார். அதற்கு விலை இருந்திருப்பின் மிலரேபா என்பார் ஒருவர் உலகிற்குக் கிடைத்திரார்.

இனி, கட்டணம் என்னாது கொடை என்று பெயரிட்டு, இத்தனை டாலருக்குக் குறையாதிருத்தல் நலம் என்று குறித்து, கொடாதான் முகம் நாணுமாறு செய்வாரும் உளர். இவர் நேரே விலை கூறுவாரினும் தாழ்ந்தவர், என்னை? விற்பவன் மெய் கூறி விற்கின்றான். இவர் ஈகையின் பெயரையும் உடன் விற்கின்றனர்.

விலையால் விளையும் பெருங்கேடு ஏழை வாயிலிற் புறத்தே நிற்றல் மட்டுமன்று. உள்ளே புகுந்தானும் அறத்தைப் பெறாமையே. விற்போன் வாங்குவோன் முகம் நோக்கிப் பேசுவான். வாழ்வு துன்பம் என்பதும், அதற்கு வேர் அவா என்பதும், அவாவை அறுக்க ஒழுக்கம் வேண்டும் என்பதும் கேட்போர்க்குக் கசப்பன. சந்தை கசப்பை விரும்பாது. ஆதலின் நல்லுறக்கம் வரும், தொழில் பெருகும் என்பன முன்னே வைக்கப்பட்டு, துறவும் ஒழுக்கமும் மெல்லப் பின்னே மறையும். மருந்தின் பெயரால் வெல்லம் விற்கப்படும். நோய் நோயாகவே நிற்கும்.

ஆகவே, கேட்டுப் பயன்பெற்றோர் ஆசிரியரைப் பசியாமற் காத்தல் அவர் கடன். அக்கடனை விலையாக்கி முன்னே கேளாமை ஆசிரியர் கடன். இவ்விரு கடனும் நிற்குமாயின் அறம் நிற்கும். ஒன்று தவறின் மற்றொன்றும் நில்லாது. காசிபாரத்துவாசன் நீட்டிய பாற்சோறு இன்றும் நீட்டப்படுகின்றது; அதனை மறுக்கும் கை யாருடையது என்பதே கேள்வி.