புள்ளிப் பட்டியலில் குப்பைக்கும் இடம்

போதை ஒழிப்பு மாரத்தான் என்று அச்சிட்ட பனியனோடு ஓடிய பையன், ஓட்டம் முடிந்ததும் பெட்டிக்கடைப் பக்கம் ஒதுங்குவதை நாம் பார்க்காததா? விளையாட்டை வைத்து இளைஞர்களுக்கு நல்லது சொல்லும் முயற்சிகள் பெரும்பாலும் பனியனோடும் பேனரோடும் நின்றுவிடுகின்றன. மேடையில் பேசுகிறவர் முடிக்கும்வரை பிள்ளைகள் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

கென்யத் தலைநகர் நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், தன் கால்பந்து லீக் விதியிலேயே கை வைத்தது. ஆட்டத்தில் வென்றால் 3 புள்ளி. அணியாகத் திரண்டு தெருவையும் சாக்கடையையும் சுத்தம் செய்தால் 6 புள்ளி. மண்வெட்டி பிடிக்காத அணி எத்தனை கோல் போட்டாலும் பட்டியலில் திணறும். குப்பை அள்ளுவது அந்தப் பிள்ளைகளுக்குக் கோப்பைக் கணக்காகிவிட்டது. சின்னவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் புள்ளி உண்டு. அது பள்ளிக் கட்டணமாகத் திரும்பி வரும். இப்படியெல்லாம் செய்தால் ஆட்டம் கெட்டுவிடாதா என்பவர்களுக்கு ஒரு தகவல்: இங்கிருந்து முளைத்த மத்தாரே யுனைடெட் 2008இல் கென்ய பிரீமியர் லீக்கையே வென்றது.

குப்பைக்குப் புள்ளி போடலாம். எச்ஐவி தடுப்புக்கு எப்படிப் போடுவது? ஜிம்பாப்வேயில் 2002இல் தொடங்கிய 'கிராஸ்ரூட் சாக்கர்' அமைப்பு இதில் இறங்கியது. மைதானத்தில் நட்ட கூம்புகளுக்கு நடுவே பந்தை உருட்டிப் போக வேண்டும். ஒவ்வொரு கூம்பும் ஓர் ஆபத்து. முதல் சுற்றில் இடித்தவன் மட்டும் தண்டால் எடுப்பான்; கடைசிச் சுற்றில் ஒருவன் இடித்தால் எல்லோரும் எடுக்க வேண்டும். ஒருவனுக்கு வரும் நோய் ஒருவனோடு நிற்காது என்பது கை வலிக்கும்போது புரியும்.

புரிவது வேறு, செய்வது வேறு. முன்தோல் நீக்கும் சிகிச்சை ஆண்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பைச் சுமார் 60 சதவீதம் குறைக்கிறது. ஆனால், பதின்வயதுப் பையனைக் கூச்சத்தையும் வலி பயத்தையும் தாண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவருவது லேசா? ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், அந்தச் சிகிச்சையைத் தானே செய்துகொண்ட பயிற்சியாளர் ஒரு மணி நேரம் விளையாட்டோடு தன் கதையைச் சொன்னார். பிறகு போன் செய்தார், கூடவே கிளினிக்குக்கும் போனார். அந்தப் பள்ளிகளில் 100க்கு 12 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். மற்றப் பள்ளிகளில் 5 பேர்கூட இல்லை.

மீதி 88 பேர் வரவில்லைதான். ஆனாலும், வந்தவர்களை அழைத்து வந்ததில் பந்தைவிட அந்தப் போனுக்கும் துணைக்கும் பங்கு அதிகம் என்றே நினைக்கிறேன். விழிப்புணர்வுப் போட்டிக்கு நிதி கேட்டு வருகிறவர்களிடம் பரிசுத்தொகையை விசாரிக்கும் முன், ஆட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பையன்களுக்கு யார் போன் செய்வார், அவருக்குச் சம்பளம் உண்டா என்று கேட்கலாம்.