வாய்மூடி நிற்கும் தந்தையர்

இப்பதிவு சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் சொல்ல வேண்டியது ஆசிரியனின் கடமை.

நம் நாட்டில் தமிழ் நிகழ்ச்சிகள் பலவும் தமிழ் வாழ்த்தோடு தொடங்குகின்றன. இறையருட் கவிஞர் சீனி நைனா முகம்மது இயற்றிய பாடல் ஒலிக்கிறது. பாடுவது யார்? ஒலிபெருக்கி! எழுந்து நிற்கும் ஆடவரின் உதடுகளைப் பாருங்கள். பெரும்பாலும் அசைவதே இல்லை. கைகட்டி நிற்பதே மரியாதை என்று எண்ணிவிட்டோம்.

தந்தை வாய்மூடி நிற்க, மகன் மட்டும் பாட வேண்டுமாம்! பாடல் போட்டிக்குப் பெயர் கேட்டால் வகுப்பில் மாணவிகளே கை உயர்த்துகிறார்கள். மாணவர்களோ, ‘அது பொம்பளப் பிள்ளைங்க வேலை சார்’ என்கிறார்கள். பத்து வயதுச் சிறுவனுக்கு இதைக் கற்பித்தது பாடநூலா? இல்லை, நாம்தான்.

நம் பாட்டன்மார் அப்படி இருந்ததில்லை. மார்கழி விடியலிலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் பால்மரம் சீவிய கைகளே ஜால்ராவும் மிருதங்கமும் ஏந்தின. ஒருவர் ஓரடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடினர். எழுத்தறியாதவர் நெஞ்சிலும் தமிழ் அவ்வாறே குடியேறியது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குச் சிதறினர். பல ஊர்களில் பஜனைக் குழுக்களும் சிதறின. “தோட்டம் போயிற்று, பாட்டும் போயிற்று” என்று பெருமூச்சு விடுவோர் உளர்.

இதை நான் ஏற்கவில்லை. பிரித்தானியாவின் வேல்சு நாட்டைப் பாருங்கள். ஆங்கிலத்தின் நிழலில் தன் தாய்மொழியைக் காக்கப் போராடும் சிறிய நாடு அது. அங்குள்ள ரொண்டா பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆண்கள் பாடற்குழுக்களை வளர்த்தனர். டிரியோர்க்கி ஊரின் குழு 1883இல் தோன்றியது. இடையில் நின்றுபோய், 1946இல் மீண்டும் எழுந்தது. ரொண்டாவின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. குழு மூடப்படவில்லை, இன்றும் பாடுகிறது. பிழைப்பு போனால் பாட்டும் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இனி, வழக்கமான சாக்குகளுக்கு வருவோம்.

‘எனக்குக் குரல்வளம் இல்லை.’ சேர்ந்திசை தனிக்கச்சேரி அன்று. தாளம் பிசகாமல் பக்கத்தில் இருப்பவரின் குரலோடு இணைந்து பாடினால் போதும். இருபது சாதாரணக் குரல்கள் இணைந்தால் அது சாதாரணமாக இராது.

‘நேரம் இல்லை.’ காற்பந்தாட்டம் பார்க்க ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் தமிழுக்கு இல்லையா?

‘இளைஞர்களுக்கு உறுமி மேளம் இருக்கிறதே!’ இருக்கட்டும், அதுவும் நம் கலையே. ஆனால் மேளம் மொழியைக் கற்றுத் தராது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை நாக்குதான் பழக வேண்டும். நெடிலை நீட்டவும் குறிலைக் குறுக்கவும் இசையைப் போல் பழக்குவது வேறொன்றில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பள்ளிதோறும் பத்துத் தந்தையரைச் சேருங்கள். வெள்ளிக்கிழமை இரவில் பள்ளி மண்டபத்தைத் திறந்துவிடத் தலைமையாசிரியரைக் கேளுங்கள். எச்சமயத்தவரும் கலந்துகொள்ளும் வண்ணம் முதலில் தமிழ் வாழ்த்தையே பழகுங்கள். ஆசிரியர்களே, நாமும் அவ்வரிசையில் நிற்போம். அடுத்த பரிசளிப்பு விழாவில் ஒலிநாடாவும் வேண்டாம், குறுந்தட்டும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். தந்தையர் மேடையேறிப் பாடட்டும். பிள்ளைகள் கீழே அமர்ந்து பார்க்கட்டும்.

‘தமிழ் படி’ என்று மகனிடம் ஆயிரம் முறை சொல்லியிருப்பீர்கள். ஒருமுறை அவன் எதிரே பாடிக் காட்டுங்கள், ஐயா!