பாலத்துக்குப் பாலம்

மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் என் காலை ஓட்டம் மூன்று கிலோமீட்டர் நீண்டுவிடும். திருவையாற்றுப் பக்கம் ஆற்றங்கரையில் ஓடுகிற யாரிடம் சொன்னாலும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணல். இந்தக் கரையில் ஓடி, போதும் என்று தோன்றிய இடத்தில் சரிவில் இறங்கி, மணலைக் கடந்து, அக்கரையில் ஏறி வீடு திரும்பிவிடலாம். தண்ணீர் வந்துவிட்டால் அந்தக் குறுக்குவழி போச்சு. எங்கே பாலம் கட்டி வைத்திருக்கிறார்களோ, அங்கே போய்த்தான் திரும்ப முடியும். கால் வலிக்கிறது, வெயில் ஏறிவிட்டது என்பதெல்லாம் பாலத்துக்குத் தெரியாது.

காவிரி டெல்டாவில் ஓட்டப் பாதை போடுவது முழுக்கப் பாலக் கணக்குதான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. திருக்காட்டுப்பள்ளி அருகே காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது; தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு. அப்புறம் வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால். மேப்பில் பார்த்தால் பக்கத்து ஊர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நடுவில் ஓர் ஆறு ஓடும். பாலம் கிழக்கே நாலு கிலோமீட்டரில் இருக்கும், இல்லாவிட்டால் மேற்கே ஐந்தில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்கள் இந்தக் கணக்கை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

சமவெளியில் ஓடுவது சுலபம் என்று ஊட்டி, கொடைக்கானல் மாரத்தானுக்குப் போய்வருகிற நண்பர்கள் சொல்கிறார்கள். ஏற்றம் இல்லை என்பது வாஸ்தவம். கும்பகோணமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 25 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவுகூட இல்லை. இங்கே ஏற்றப் பயிற்சி வேண்டுமானால் ரயில்வே மேம்பாலத்தில் நாலு தடவை ஏறி இறங்க வேண்டியதுதான். நானும் செய்திருக்கிறேன். டூவீலரில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் சமதளத்துக்கென்று தனிக் கஷ்டம் உண்டு. மலையில் ஏறும்போது ஒரு தசை, இறங்கும்போது ஒரு தசை என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும். இங்கே அதே தசை, அதே எட்டு, மணிக்கணக்கில். கண்ணுக்கும் மாறுதல் கிடையாது. தஞ்சாவூரில் கல்லணைக் கால்வாயை ‘புது ஆறு’ என்பார்கள்; 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது, அதனால் இன்னமும் புதுசு! அதன் கரையில் மேற்கிலிருந்து நகரை நோக்கி ஓடி வந்தால் பெரிய கோயில் விமானம் தெரிய ஆரம்பிக்கும். 216 அடி உயரம். தெரியும், ஆனால் கிட்டே வராது. பத்து நிமிஷம் ஓடிவிட்டு நிமிர்ந்தால் அது அதே அளவில் அதே இடத்தில் நிற்கும். ராஜராஜன் தூரத்து ஓட்டக்காரனை மனதில் வைத்துக் கட்டியிருக்க மாட்டான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய எதிரி காற்று. 2019 அக்டோபர் 12ஆம் தேதி எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினாரே, அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் வியன்னாவின் பிராட்டர் பூங்கா. டான்யூப் ஆற்றின் பழைய வெள்ளச் சமவெளி. மேடுபள்ளம் இல்லாத, இருபுறமும் மரம் வளர்ந்த நேர்ச்சாலை. அப்படிப்பட்ட இடத்திலும் காற்று தடுக்கும் என்று அவருக்கு முன்னும் பின்னும் முறை மாற்றி ஆட்களை ஓடவிட்டார்கள். நமக்கு முன்னால் ஓட ஆள் ஏது? ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று திருச்சி, தஞ்சாவூர் என்று நேராகக் கிழக்கே போகும். காவிரியும் கிழக்கே போகிறது, அதன் கரையும் அப்படியே. ஒதுங்க ஒரு குன்று இல்லை. ஆகவே ஆடியில் முதலில் மேற்கே ஓடுங்கள். தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றை முடித்துவிட்டால், திரும்பும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். மார்கழியில் வாடை பக்கவாட்டில் அடிக்கும். அதற்கு நான் இன்னும் தந்திரம் எதுவும் கேள்விப்படவில்லை.

கரைமேல் ஓடுவதில் ஒரு விசேஷம் உண்டு. டெல்டா ஆறுகள் பள்ளத்தில் ஓடுவதில்லை. வெள்ளம் வரும்போதெல்லாம் வண்டலைப் பக்கத்தில் ஒதுக்கி, தன் கரையைத் தானே உயர்த்திக்கொள்கிறது ஆறு. அதற்குமேல் மனிதர்கள் மண் போட்டு இன்னும் உயர்த்தியிருக்கிறார்கள். வயல்தான் தாழ்வு. அதனால்தான் ஒரு பம்பு செட்டும் இல்லாமல், மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கியது. கரையில் ஓடுகிறவனுக்கு ஒருபுறம் படுகையில் வாழை, மூங்கில், நாணல்; மறுபுறம் கீழே வயலும் வெற்றிலைக் கொடிக்காலும். இந்த நாட்டில் இவ்வளவு தட்டையான இடத்தில் இவ்வளவு தூரம் பார்க்க, ஆற்றங்கரையை விட்டால் மொட்டை மாடிதான்.

மண் கரை முட்டிக்கு நல்லது. மழை பெய்தால் மட்டும் கதை வேறு: களி ஷூவில் அப்பிக்கொண்டு காலுக்கு அரைக் கிலோ கூடும். வரப்பில் ஓட ஆசைப்படாதீர்கள். நண்டு வளையில் கால் போனால் கணுக்கால் மிஞ்சாது. அறுவடைக் காலத்தில் தார் ரோட்டையும் நம்ப முடியாது. பாதி ரோட்டில் நெல் காயும், அதைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள், மிச்சப் பாதியில் கொள்முதல் நிலையத்து லாரி வரும். நெல்லை மிதித்து ஓடினால் திட்டுவார்கள். திட்ட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என் சிபாரிசு தஞ்சாவூர் – திருவையாறு சாலை. பன்னிரண்டு கிலோமீட்டர் சுமாருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும், பஸ் ஓட்டுநர்கள் சாலையில் ஓடுகிறவனை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐந்தாவது பாலம் தாண்டிப் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டால், அப்புறம் டிபன்.

தண்ணீர் வருகிற காட்சியை ஒருமுறையாவது கூட ஓடிப் பார்க்க வேண்டும். வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் திறப்பார்கள். மூன்று, நான்கு நாளில் கல்லணை. அங்கிருந்து கீழே வரும் முதல் தண்ணீர், சினிமாவில் வருகிற மாதிரி சீறிக்கொண்டெல்லாம் வராது. பழுப்பு நுரை, அதன்மேல் காய்ந்த சருகு, டீ கப், செருப்பு, ஒரு தேங்காய் மூடி. மணல் குடிக்கக் குடிக்க, நின்று நின்று வரும். ஒரு குழியைக் கண்டால் அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி. கொக்குகள் அதன் முனையிலேயே நடந்து, மணலிலிருந்து வெளியே ஓடிவரும் பூச்சியைப் பொறுக்கும். நிதானமாக ஓடினால்கூட நாம் அதை முந்திவிடுவோம். அடுத்த ஊர்ப் படித்துறையில் பூவும் விதைநெல்லும் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்கள், “எங்கன வருது?” என்று நம்மைக் கேட்பார்கள்.

மணலில் இறங்கிக் கடக்கிற அந்தக் குறுக்குவழி எப்போதும் இருந்தால் தேவலை என்று நினைக்கிற சோம்பேறி ஓட்டக்காரன் எனக்குள்ளும் இருக்கிறான். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். கோடையிலேயே பாலம் வரை ஓட வேண்டியதாயிற்று. 2024இல் அணையில் நீர் இல்லாமல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஆடி பிறந்தும் அக்கரைக்கு மணலில் நடந்துபோக முடிந்தது. எனக்கு மிச்சமான அந்த மூன்று கிலோமீட்டருக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது கரையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது: ஆற்றை நம்பிய வயலில் குறுவை இல்லை, போர் செட் இருந்தவன் வயல் மட்டும் திட்டுத் திட்டாகப் பச்சை.

கரையையெல்லாம் தார் போட்டுத் தரச் சொல்லி ஊருக்கு ஊர் மனு கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் பிரசவத்துக்குப் போகிற வண்டிக்கும் ரோடு வேண்டும். ஓட்டக்காரன் முட்டிக்காக மண்ணாகவே விடுங்கள் என்று நான் கேட்க முடியாது. ஒரு பக்கக் கரையை மட்டும் விட்டுவைக்கலாம் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

எதற்கு ஓடுகிறேன் என்று முன்பெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர்கள் இப்போது கேட்பதில்லை. எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற சமயத்தில், தலைமடையில் என்ன நடக்கிறது என்பது கடைமடைக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும். போன வாரம் பல் துலக்கிக்கொண்டே ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். “தம்பி, தலைப்பு வரைக்கும்தானே போறீங்க? ஷட்டர் எத்தனை தூக்கியிருக்கான்னு பார்த்துட்டு வாங்க. ஷட்டர் பார்க்கிற லஸ்கர் இருந்தா, நம்ம வாய்க்காலுக்கு என்னிக்கு முறைன்னும் கேட்டுருங்க. போன் போட்டா அவரு எடுக்க மாட்டேங்கிறாரு.”