வசைச் சொல்லுக்குச் சிறையா?

பால்வெட்டு முடிந்து பட்டணம் போகும் தொழிலாளியைப் போலீஸ்காரர் சாலையில் நிறுத்துகிறார். வாக்குவாதம் முற்றுகிறது. தொழிலாளியின் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது. அதற்காக அவரைச் சிறைக்கு அனுப்பலாமா?

சிங்கப்பூரில் அனுப்பலாம். அங்கு 2014-ஆம் ஆண்டில் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, கடமையிலுள்ள அரசாங்க ஊழியரை வைதால் 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மலாயாவில் 1955-இல் பிறந்த சிறு குற்றங்கள் சட்டமோ, வைதது யாரை என்று கேட்கவில்லை. அதனால் அமைதி குலையுமா என்று கேட்டது. குலையுமானால் 100 வெள்ளி வரை அபராதம் என்றது. முன்னது சீருடையைப் பார்க்கிறது. பின்னது செயலைப் பார்த்தது. பின்னதே நேர்மையான வழி என்பது நமது கருத்து.

போலீஸ்காரரும் சம்பளத்துக்கு உழைப்பவரே. அவர் வசை கேட்கப் பிறந்தவரல்லர். அவரை அடித்தாலோ, கடமையைச் செய்யவிடாமல் தடுத்தாலோ தண்டிக்கத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் வெறும் வார்த்தைக்கே சிறை என்றால், புகார் செய்பவர், பிடிப்பவர், சாட்சி சொல்பவர் மூவரும் ஒருவரேயாகலாம். "ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டவரைக்கூட "திட்டினான்" என்று சொல்லி அடைத்துவிடலாமே!

சட்டம் போட்டு மரியாதையை வாங்க முடியாது. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமென்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது, 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று. அவர்கள் அதுவரை இறங்கியது மதிப்பினாலா? பயத்தினாலன்றோ!

மேலும், தொழிலாளியின் நாவுக்குப் பூட்டுப் போடுவோர், "டேய்" என்று அழைக்கும் அதிகாரியின் நாவுக்கு என்ன செய்தனர்? போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையம் வேண்டுமென்று மலேசிய அரச விசாரணைக் கமிஷன் 2005-இல் கூறிற்று. ஓர் ஆணையம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலையில்! பதினெட்டு ஆண்டு காத்திருந்தும், தானே தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கொடுக்கப்படவில்லை. தராசு இரு பக்கமும் ஒன்றாக நிற்க வேண்டாமா?

தோழர்களே! வசை பாடுவது வீரமல்ல. நம் நியாயத்தை நாமே கெடுத்துக்கொள்வதாகும். அநீதி நடந்தால் போலீஸ்காரரின் எண்ணையும், இடத்தையும், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராணிமார்களே! எழுதத் தெரியாத தோழருக்குப் புகார் எழுதிக் கொடுங்கள். அதைச் சங்கத்திடம் சேருங்கள். வசை காற்றோடு போகும். எழுதிய புகார் நிற்கும்.