ஆட்டிசம் விழிப்புணர்வுக்கு சொந்த டார்டன்: நீலமா, தங்க நிறமா?

ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட துணியான டார்டன், குலப் பெயர்களுக்கு மட்டும்தான் என்பது பழைய கதை. 2009 முதல் இயங்கும் அந்நாட்டு அரசின் டார்டன் பதிவேட்டில், புதிய டிசைனோடு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். வைக்கும் பெயருக்கும் தனக்கும் என்ன தொடர்பு என்று சொல்ல வேண்டும். பதிந்ததாலேயே டிசைன் மீது சொத்துரிமை வந்துவிடாது, அது வேறு விஷயம்.

சரி, ஆட்டிசத்துக்காக என்றால் எந்த நிறம்? சிக்கலே இங்கேதான். பலரும் யோசிக்காமல் எடுப்பது நீலம். அது அமெரிக்காவின் 'ஆட்டிசம் ஸ்பீக்ஸ்' அமைப்பின் பிரசார நிறம். அந்த அமைப்பு தங்கள் குரலைக் கேட்பதில்லை என்பது ஆட்டிசம் உள்ள பலரின் நெடுநாள் கோபம். அவர்களில் பலர் கைகாட்டுவது தங்க நிறத்தை. தங்கத்தின் வேதிக் குறியீடான 'ஏயு'தான் ஆங்கிலத்தில் ஆட்டிசத்தின் முதல் இரண்டு எழுத்து! வானவில் நிறங்களுக்கும் ஆதரவு உண்டு.

ஆனால் தறியில் வானவில் லேசுப்பட்டதல்ல. பாவிலும் ஊடையிலும் பொதுவாக ஒரே நிற வரிசை ஓடுவதால், குறுக்கிடும் இடமெல்லாம் நிறம் கலக்கும். 2 நிறம் போட்டால் 3 சாயல், 6 போட்டால் 21. கண்ணைக் குத்தும் கட்டமும் உடம்பை உறுத்தும் கம்பளியும் ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாங்காது. நிறத்தைக் குறைத்து, நெய்வதற்கு முன்பே மாதிரித் துணியை அவர்களிடம் தொட்டுப் பார்க்கக் கொடுத்துவிடலாம்.