மாத்திரையோடு பரிசோதனையும் வேண்டும்

1912 முதல் வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் பினோபார்பிட்டோன், விலை மலிவான, பலன் தரும் மாத்திரை, உறக்கத்தையும் தூண்டுவது. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 15 முதல் 40 மைக்ரோகிராம் வரை இருப்பதே பொதுவாக ஏற்ற அளவு. மிஞ்சினால் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மயக்கம். முற்றினால் மூச்சே மந்தமாகும். உடன் சாப்பிடும் மற்றொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்கூட இந்த அளவை ஏற்றிவிடும்.

இப்படி மருந்து மிஞ்சி வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். பயந்துபோன பெற்றோர் மாத்திரையைச் சட்டென நிறுத்தினால், வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன் எடுக்கும் சிறிதளவு ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பது, மருத்துவருக்குச் சரியான வழியைக் காட்டும். மாத்திரையை இலவசமாக வழங்கும் அரசு, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும் இந்தப் பரிசோதனையையும் கட்டணமின்றி உறுதிசெய்ய வேண்டும்.